ஐந்து குவார்ட்டர்பேக்குகள், ஒரே சுற்று: 2018 டிராஃப்ட் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

என்எஃப்எல் என்பது அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக். அதன் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வுதான் டிராஃப்ட். 2018 ஏப்ரல் 26 அன்று டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் நடந்த டிராஃப்டின் முதல் சுற்றிலேயே ஐந்து கல்லூரி குவார்ட்டர்பேக்குகள் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்கள்) போய்விட்டார்கள். ஓக்லஹோமாவின் பேக்கர் மேஃபீல்டை முதல் ஆளாக கிளீவ்லாந்து பிரவுன்ஸ் எடுத்தது. யுஎஸ்சியின் சாம் டார்னால்டை மூன்றாவதாக நியூயார்க் ஜெட்ஸும், வயோமிங்கின் ஜாஷ் ஆலனை ஏழாவதாக பஃபலோ பில்ஸும், யுசிஎல்ஏவின் ஜாஷ் ரோசனைப் பத்தாவதாக அரிசோனா கார்டினல்ஸும் எடுத்தன. சுற்றின் கடைசி இடமான 32இல் லூயிவில்லின் லமார் ஜாக்சனை பால்டிமோர் ரேவன்ஸ் எடுத்தது.

இப்போது திரும்பிப் பார்த்தால் அந்த வரிசை கிட்டத்தட்டத் தலைகீழாகத் தெரிகிறது. கடைசியாகப் போன ஜாக்சன் 2019இலும் 2023இலும் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கினார். 2024இல் அந்த விருது ஆலனுக்கு. மேஃபீல்டும் டார்னால்டும் தங்களை எடுத்த அணிகளால் கைவிடப்பட்டு, பல ஊர் மாறிய பிறகே நிலைபெற்றார்கள். "உடனே களமிறங்கத் தயாரானவர்" என்று பலர் எழுதிய ரோசனால் எந்த அணியிலும் நிலைக்க முடியவில்லை.

இந்த ஐந்து பேரையும் ஒரே ஆண்டில், ஒரே ஸ்கவுட்டுகள் (அணிகளுக்காக வீரர்களை மதிப்பிடுபவர்கள்), ஒரே சோதனைகளை வைத்து எடைபோட்டார்கள். அதனால்தான் ஒப்பிட்டுப் படிக்க இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2018இல் எழுதப்பட்ட மதிப்பீடுகளில் இருந்த குறைகள் பெரும்பாலும் உண்மையான குறைகள்தான். ஸ்கவுட்டுகளின் கண்ணில் பழுதில்லை. அந்தக் குறைகளில் எதைத் திருத்த முடியும், யாரால் முடியும், எவ்வளவு காலத்தில் முடியும் என்ற கேள்விகளைத்தான் பெரும்பாலான அணிகள் கேட்கவில்லை.

பின்னணி

இந்த ஆட்டத்தைப் பின்தொடராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணி முதலில் தேர்வு செய்யும். தேர்வு உரிமையை மற்ற அணிகளோடு பண்டமாற்றும் செய்துகொள்ளலாம். 2011இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு புதுமுகங்களின் சம்பளம் தேர்வு இடத்தைப் பொறுத்துக் கிட்டத்தட்ட நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் சுற்றில் எடுத்தவரை மட்டும் ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால், நல்ல குவார்ட்டர்பேக் ஒருவர் புதுமுகச் சம்பளத்தில் கிடைத்தால் மிச்சப் பணத்தில் ஒரு முழு அணியையே கட்டலாம். அதற்காகத்தான் அணிகள் எதிர்காலத் தேர்வுகளை அள்ளிக் கொடுத்து வரிசையில் மேலே வருகின்றன.

2018இல் ஜெட்ஸ் ஆறாவது இடத்திலிருந்து மூன்றாவதுக்கு வர மூன்று இரண்டாம் சுற்றுத் தேர்வுகளை இண்டியானாபொலிஸுக்குக் கொடுத்தது. அதில் ஒன்று 2019க்கு உரியது. பஃபலோ 21இலிருந்து 12க்கு வர கோர்டி கிளென் என்ற முன்வரிசைக் காப்பாளரைக் கொடுத்தது. டிராஃப்ட் இரவில் இன்னும் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து 7க்கு ஏறியது.

கல்லூரி ஆட்டத்தை வைத்து இந்த முடிவுகளை எடுப்பது ஏன் கடினம்? இரண்டும் ஒரே ஆட்டம் போலத் தோன்றினாலும் குவார்ட்டர்பேக்குக்கு வேலை வேறு. 2018இல் பல கல்லூரி அணிகளில் பயிற்சியாளர் ஓரத்திலிருந்து பலகை காட்டி ஆட்டத்தை அழைத்தார். குவார்ட்டர்பேக் ஒரு பக்கத்தைப் பார்த்து, ஆள் காலியாக இருந்தால் எறிகிறார். தொழில்முறையில் தலைக்கவச வானொலியில் வரும் நீளமான அழைப்பைத் தோழர்களுக்குச் சொல்லி, எதிரணி நிற்கும் விதத்தைப் படித்துக் காப்பை மாற்றி, பந்து கைக்கு வந்த இரண்டரை நொடிக்குள் மூன்று நான்கு பேரை வரிசையாகப் பார்க்க வேண்டும். பந்து வைக்கும் கோடுகள்கூட வேறு. கல்லூரியில் அவற்றுக்கு இடையே 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் ஒரு பக்கம் விரிந்து கிடக்கும் வெற்றிடம் இங்கே கிடைக்காது. கல்லூரியில் காலியாக நிற்கும் ரிசீவருக்கு (எறிந்த பந்தைப் பிடிப்பவருக்கு) எறிந்து பழகியவர், ரிசீவர் திரும்புவதற்கு முன்பே அவர் வரப்போகும் இடத்துக்கு எறிய வேண்டியிருக்கும். அதைச் செய்வாரா என்பதற்குக் கல்லூரி டேப்பில் (ஆட்டப் பதிவில்) சான்று சொற்பம். ஒரு பருவத்தில் அப்படிப்பட்ட எறிதல்கள் சிலதான் கிடைக்கும்.

சரி, டேப்பைத் தாண்டி வேறென்ன இருக்கிறது? மோபிலில் சீனியர் பவுல் என்ற காட்சி ஆட்டத்துக்கான வாரம், இண்டியானாபொலிஸில் கம்பைன் என்ற கூட்டுத் திறன் சோதனை, கல்லூரி வளாகத்தில் எறிந்து காட்டும் புரோ டே, பிறகு அணிகளின் தனிச் சந்திப்புகள். உயரம், உள்ளங்கை அளவு, ஓட்ட நேரம், மருத்துவப் பரிசோதனை, வெள்ளைப் பலகை முன்னால் ஆட்டத்தை விளக்கச் சொல்லும் நேர்காணல். இதில் மருத்துவப் பரிசோதனைக்கு நான் மிகுந்த மதிப்பு தருவேன், உள்ளங்கை அளவுக்கு மிகக் குறைவாக. புரோ டேயில் எதிரில் தடுப்பவரே இல்லை. ஒத்திகை பார்த்த அறுபது எறிதல்களை வைத்து ஒருவரை உயர்த்துவதும் தாழ்த்துவதும் சரியில்லை.

அப்போது தெரிந்தவை

மேஃபீல்ட் உதவித்தொகை இல்லாமல் டெக்சாஸ் டெக்கில் சேர்ந்து, பிறகு ஓக்லஹோமாவுக்கு மாறி அங்கேயும் அப்படியே இடம்பிடித்தவர். 2017இல் அவர் எறிந்த பாஸ்களில் 70.5 சதவீதம் தோழர் கையில் சேர்ந்தன. 43 டச் டவுன் (புள்ளியாக முடிந்த எறிதல்), 6 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட எறிதல்), கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பை. அவர் மேல் சொல்லப்பட்ட குறைகள் மூன்று: உயரம் ஆறு அடிக்குச் சற்றே மேல், ஓக்லஹோமா ஆடிய பிக் 12 குழுமத்தின் மற்ற அணிகளுடைய பலவீனமான தற்காப்பு, களத்திலும் வெளியிலும் கட்டுப்பாடற்ற நடத்தை. எண்களை வைத்துப் பார்த்தால் ஐவரில் இவரே தெளிவான முதல்வர். பிரவுன்ஸ் முந்தைய பருவத்தில் 16 ஆட்டங்களிலும் தோற்ற அணி. அவர்கள் அவரை எடுத்ததில் குறை காண எனக்கு எதுவும் இல்லை.

டார்னால்டை ஸ்கவுட்டுகள் விரும்பியதற்குக் காரணம், திட்டமிட்ட ஆட்டம் உடைந்த பிறகும் ஓடிக்கொண்டே பலன் எடுக்கும் திறமை. 2017இல் 4,143 யார்டு, ஆனால் 13 இன்டர்செப்ஷன். பந்தை நழுவவிடும் பழக்கம் வேறு. வயது வெறும் 20. இந்தக் குறைகள் வயதோடு போகும் என்று எழுதினார்கள். எங்கே, யாரிடம் போகும் என்று எழுதவில்லை.

ரோசனின் எறியும் முறை பாடப்புத்தகம் மாதிரி அழகு. சிறுவயதில் டென்னிஸ் ஆடியவர், கால் வைப்பில் அது தெரியும். தோள் காயமும் தலையில் அடிபட்டதும் மருத்துவக் கோப்பில் இருந்தன. ஆனால் பேச்செல்லாம் அவர் குணத்தைப் பற்றியே. எதையும் 'ஏன்' என்று கேட்பார், ஆட்டத்துக்கு வெளியே ஆர்வங்கள் அதிகம் என்றார்கள். இந்தப் பேச்சு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. கேள்வி கேட்பவனைப் பார்த்து நெளிவது பயிற்சியாளரின் குறை. ரோசனின் டேப்பில் கவனித்திருக்க வேண்டியது வேறு. பாக்கெட் (முன்வரிசை அவருக்காகக் காத்துநிற்கும் இடம்) நெருங்கும்போது அவரால் அந்த இடத்தை விட்டுத் தப்பி ஆட்டத்தை நீட்டிக்க முடியவில்லை. மோசமான முன்வரிசையுள்ள அணிக்கு அவர் போனால் என்ன ஆகும் என்பதற்கான பதில் அங்கேயே இருந்தது.

ஆலன்தான் அந்த ஆண்டின் பெரிய சண்டை. கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற சிற்றூரில் பண்ணைக் குடும்பத்துப் பையன். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் அழைக்கவில்லை. ரீட்லி சமுதாயக் கல்லூரியில் ஓராண்டு ஆடிவிட்டு, பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பி வயோமிங்கில் இடம்பிடித்தார். ஆறடி ஐந்து அங்குலம், 237 பவுண்டு. அவர் தோளில் இருந்த விசை மற்ற நால்வரிடமும் இல்லை. ஆனால் கல்லூரியில் அவர் எறிந்ததில் 56 சதவீதம்தான் சேர்ந்தது, அதுவும் பெரிய கல்லூரிக் குழுமங்களுக்கு வெளியே. 2017இல் ஓரிகன் அணிக்கு எதிராக 24 பாஸில் 9 சேர்ந்து, மொத்தம் 64 யார்டு. கல்லூரியில் குறிதவறுபவர் தொழில்முறையில் குறிதவறாமல் எறியத் தொடங்குவது மிக அரிது என்பதுதான் புள்ளிவிவரக்காரர்களின் வாதம். அது கடந்தகாலத் தரவுகளால் நிறுவப்பட்ட, வலுவான வாதம். எதிர்த்தரப்பு சொன்னது: 2016இல் அவரோடு ஆடிய முக்கிய ஓட்டக்காரர், ரிசீவர், டைட் எண்ட் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்), சென்டர் (முன்வரிசையின் நடுவில் நிற்பவர்) நால்வரும் கல்லூரியை விட்டுப் போய்விட்டார்கள், 2017இல் தனியாள். அதுவும் உண்மைதான்.

ஜாக்சன் விஷயம் மனதை உறுத்துவது. 2016இல் ஹெய்ஸ்மன் வாங்கியவர். அந்த ஆண்டு 3,543 யார்டு எறிந்து 1,571 யார்டு ஓடினார். அடுத்த ஆண்டு எறிந்தது 3,660, ஓடியது 1,601. லூயிவில்லில் தலைமைப் பயிற்சியாளர் பாபி பெட்ரினோ நடத்தியது தொழில்முறைக்கு நெருக்கமான தாக்குதல் முறை. பாக்கெட்டில் நின்று வரிசையாக ஆள் பார்த்து எறிந்த ஆட்டங்கள் டேப்பில் ஏராளம். இருந்தும், பல ஆண்டுகள் பொது மேலாளராக இருந்த பில் போலியன் அவர் ரிசீவராக மாற வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் வெளிப்படையாகச் சொன்னார். பின்னாளில் தான் தவறு செய்ததாக அவரே ஒப்புக்கொண்டார். இது ஒரு தனிமனிதரின் கருத்துப் பிழையாக மட்டும் எனக்குத் தெரியவில்லை. கறுப்பின குவார்ட்டர்பேக்குகளை வேறு இடத்துக்கு மாறச் சொல்வது அந்த லீகில் தலைமுறை தலைமுறையாக நடந்தது. குவார்ட்டர்பேக்காக எடுக்க எந்த அணியும் ஆர்வம் காட்டாததால் வாரன் மூன் 1978இல் கனடாவுக்குப் போய் எட்மன்டனுக்காக ஆடினார். பிறகு அமெரிக்கா திரும்பி, 2006இல் புகழ் மண்டபத்துக்குள் நுழைந்தார். ஆலனும் ஜாக்சனும் 2016இல் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் பாஸ் சேர்த்தார்கள். 2017இல் ஜாக்சன் 59 சதவீதத்துக்கு முன்னேறினார், ஆலன் அப்படியே நின்றார். அந்த எண்ணுக்குப் பிறகும் ஆலனுக்கு 'திருத்தலாம்' என்ற சொல்லும், ஜாக்சனுக்கு 'இடம் மாற்றலாம்' என்ற சொல்லும் கிடைத்தன. ஒரே குறைக்கு இருவேறு அளவுகோல். மதிப்பீட்டில் இதைவிடப் பெரிய பிழை கிடையாது.

டிராஃப்டுக்குப் பிறகு

ரேவன்ஸுமே ஜாக்சனை முதலில் எடுக்கவில்லை. 25ஆவது இடத்தில் ஹேடன் ஹர்ஸ்ட் என்ற டைட் எண்டை எடுத்துவிட்டு, ஃபிலடெல்ஃபியாவோடு பேசி 32க்கு ஏறினார்கள். பொது மேலாளராக ஓசி நியூசமுக்கு அது கடைசி டிராஃப்ட். ஐந்தாம் ஆண்டு உரிமை கிடைப்பது முதல் சுற்றில்தான் என்பதால் அந்த ஏற்றத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அடுத்த நாள் மூன்றாம் சுற்றில் முன்வரிசைக் காப்பாளர் ஆர்லாண்டோ பிரவுன், டைட் எண்ட் மார்க் ஆண்ட்ரூஸ் இருவரையும் சேர்த்தார்கள்.

நவம்பரில் அணியின் அப்போதைய குவார்ட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோவுக்குக் காயம் ஏற்பட, ஜாக்சன் களமிறங்கினார். தொடக்க வீரராக ஆடிய முதல் ஆட்டத்தில் 25 முறைக்கு மேல் ஓடினார். ஏழு ஆட்டங்களில் ஆறு வெற்றி. அப்புறம் நடந்ததுதான் முக்கியம். தலைமைப் பயிற்சியாளர் ஜான் ஹார்பா, கிரெக் ரோமனைத் தாக்குதல் பயிற்சியாளர் ஆக்கி, முழு அமைப்பையும் ஜாக்சனின் கால்களைச் சுற்றிக் கட்டினார். டைட் எண்டுகளை நிறைய இறக்கி, எதிரணி யாரைத் தடுப்பது என்று தடுமாறும் ஆட்டங்களை அமைத்தார்கள். 2019இல் அணி ஓடிச் சேர்த்தது 3,296 யார்டு, லீக் வரலாற்றிலேயே அதிகம். ஜாக்சன் 36 டச் டவுன் எறிந்தார், 1,206 யார்டு ஓடினார், ஒரு வாக்குக்கூடச் சிதறாமல் விருது வாங்கினார். அவரை வேறு ஆளாக மாற்ற முயலாத அணியிடம் அவர் போய்ச் சேர்ந்ததே அதற்கு அடிப்படை.

ஆலன் கதை மெதுவானது. 2018இல் 52.8 சதவீதம், சந்தேகப்பட்டவர்கள் சொன்னது போலவே. 2019இல் 58.8. 2020இல் 69.2. இந்த ஏற்றத்துக்கு இணையான ஒன்று எனக்கு நினைவில்லை. அந்த ஆண்டுகளில் தலைமைப் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மட்டும் பொது மேலாளர் பிராண்டன் பீனும் மாறவில்லை. 2018இல் வந்த தாக்குதல் பயிற்சியாளர் பிரையன் டேபோல் நான்கு பருவம் இருந்து ஒரே மொழியில் கற்பித்தார். ஓய்வுக்காலங்களில் ஆலன், ஜோர்டன் பாமர் என்ற தனிப் பயிற்சியாளரிடம் எறியும் முறையைச் சீர்செய்தார். 2019இல் ரிசீவர்கள் ஜான் பிரவுன், கோல் பீஸ்லி, சென்டர் மிட்ச் மோர்ஸ் வந்தார்கள். 2020இல் முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கினார்கள். எந்த ஒரு காரணத்தையும் தனியாகப் பிரித்து 'இதனால்தான்' என்று சொல்ல முடியாது. ஆனால் பொறுமை, தொடர்ச்சி, ஆட்கள் ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்தன.

இப்போது ரோசனைப் பாருங்கள். 2018 அக்டோபரிலேயே அவருடைய தாக்குதல் பயிற்சியாளர் மைக் மெக்காய் நீக்கப்பட்டார். பருவம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் வில்க்ஸும் போனார். அந்தப் பருவத்தில் ரோசன் பந்தை எறியும் முன்பே 45 முறை வீழ்த்தப்பட்டார். அடுத்த டிராஃப்டில் கார்டினல்ஸ் முதல் தேர்வாக கைலர் மரே என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்து, ரோசனை மியாமிக்குத் தள்ளிவிட்டது. அங்கே மூன்று ஆட்டங்கள் தொடங்கி உட்கார வைக்கப்பட்டார். பிறகு தம்பா, சான் ஃபிரான்சிஸ்கோ, அட்லாண்டா என்று அலைச்சல். நல்ல இடத்தில் விழுந்திருந்தால் அவர் நட்சத்திரம் ஆகியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. அடுத்தடுத்த அணிகளிலும் அவர் தேறவில்லையே. ஆனால் முதல் ஆண்டிலேயே ஒருவரை இப்படிச் சிதைத்துவிட்டு அவர் திறமையை அளந்துவிட்டோம் என்று சொல்வது நியாயமில்லை.

டார்னால்டுக்கு ஜெட்ஸில் மூன்று ஆண்டுகளில் இரண்டு தலைமைப் பயிற்சியாளர்கள். கரோலினாவிலும் சரிவரவில்லை. 2023இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மாற்று ஆளாக அமர்ந்து தலைமைப் பயிற்சியாளர் கைல் ஷானஹனிடம் படித்தார். 2024இல் ஒரு கோடி டாலருக்கு, ஒரே ஆண்டு ஒப்பந்தத்தில் மினசோட்டா. அணி எடுத்த புதுமுகம் ஜே.ஜே. மெக்கார்த்தி முழங்கால் காயத்தால் விலக, டார்னால்ட் 35 டச் டவுன் எறிந்து அணிக்கு 14 வெற்றி தேடித் தந்தார். பிளேஆஃபில் (பருவ முடிவின் வெளியேற்றச் சுற்றில்) ராம்ஸிடம் ஒன்பது முறை வீழ்த்தப்பட்டு அதே அணி வெளியேறியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நெருக்கடியில் தடுமாறும் பழைய குறை முழுதாக மறையவில்லை. ஆனாலும் தலைமைப் பயிற்சியாளர் கெவின் ஓ'கானல், ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சன் போன்றோர் சுற்றி இருக்கையில் அது பெரும்பாலான வாரங்களில் வெளியே தெரியவில்லை. 2025 மார்ச்சில் சியாட்டில் அவரோடு மூன்றாண்டு, 10 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது.

மேஃபீல்ட் புதுமுகமாக 27 டச் டவுன் எறிந்து அப்போதைய சாதனையைப் படைத்தார். 2020 பருவத்தில் பிட்ஸ்பர்கை அவர்கள் மைதானத்திலேயே பிளேஆஃபில் வீழ்த்தினார். அடுத்த ஆண்டு தோள் காயத்தோடு ஆடினார், எண்கள் இறங்கின. பிரவுன்ஸ் 2022இல் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளை உள்ளடக்கிய விலை கொடுத்து குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனை வாங்கி, 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்தோடு எழுதிக் கொடுத்தது. மேஃபீல்டை ஒரு பின்சுற்றுத் தேர்வுக்கு கரோலினாவிடம் விட்டது. அவர் 2024இல் தம்பா பே அணிக்காக 41 டச் டவுன் எறிந்தார். டிராஃப்ட் அன்று பிரவுன்ஸ் சரியாகவே கணித்தது, நான்கு ஆண்டு கழித்துத் தன் கையில் இருந்தவரை மறுமதிப்பீடு செய்தபோதுதான் சறுக்கியது. ஒரு வீரரின் அடிபட்ட ஆண்டை அவருடைய இயல்பாக எடுத்துக்கொண்டார்கள்.

அறிக்கையில் என்ன மாற வேண்டும்

டேவிட் பெரி, ராப் சிமன்ஸ் என்ற பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு, குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்ட இடத்துக்கும் அவர்கள் ஒவ்வொரு தனி நகர்விலும் (பிளே) சராசரியாக எவ்வளவு சிறப்பாக ஆடினார்கள் என்பதற்கும் தொடர்பு மிகக் குறைவு என்று காட்டியது. களமிறங்க வாய்ப்புப் பெற்றவர்களை மட்டுமே அதில் அளக்க முடிந்தது என்ற நியாயமான மறுப்பும் உண்டு. ஆனாலும் 2018ஐப் பார்க்கும்போது அந்த முடிவை ஒதுக்க மனம் வரவில்லை.

நான் ஓர் அணிக்கு அறிக்கை எழுதினால், 'இவருக்கு 10க்கு 8' என்று எழுத மாட்டேன். 'முன்வரிசை வலுவாக இருந்து, ஒரே பயிற்சியாளர் மூன்று ஆண்டு இருப்பார் என்றால் எடுக்கலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்' என்று நிபந்தனையோடுதான் எழுதுவேன். 2018இன் கார்டினல்ஸுக்கு ரோசன் அப்படிப்பட்ட 'விட்டுவிடுங்கள்'. அதே ரோசன் வலுவான முன்வரிசை கொண்ட அணிக்கு இரண்டாம் சுற்றில் நல்ல முயற்சியாக இருந்திருப்பார். பொது மேலாளர்களுக்கு இப்படி எழுதுவது பிடிக்காது. அது வீரரோடு சேர்த்து அவர்களையும் எடைபோடுகிறது.

பல அணிகள் ஆலனிடமிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு: பெரிய உடம்பு, பெரிய தோள், குறி பிறகு வரும். 2023இல் இண்டியானாபொலிஸ் நான்காவது இடத்தில் ஆன்டனி ரிச்சர்ட்சனை எடுத்தது. ஃபுளோரிடாவில் மொத்தம் 13 ஆட்டம் தொடங்கியவர், 2022இல் 53.8 சதவீதம். அவருடைய பயிற்சியாளர் ஷேன் ஸ்டைக்கன், ஃபிலடெல்ஃபியாவில் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸோடு வேலை செய்து பெயர் எடுத்தவர். ஆக, நான் வலியுறுத்தும் சூழலும் ஓரளவு இருந்தது. இருந்தும் 2024இல் 47.7 சதவீதம், நடுவில் உட்கார வைக்கப்பட்டார், 2025இல் தொடக்க இடம் டேனியல் ஜோன்ஸுக்குப் போனது.

என் வாதத்துக்கு இது ஒரு சிக்கல், அதை மறைக்க விரும்பவில்லை. நல்ல பயிற்சியாளர் மட்டும் போதாது. தவறு செய்து செய்து பழகும் ஆட்டங்கள் வேண்டும். ரிச்சர்ட்சன் முதல் ஆண்டில் நான்கு ஆட்டங்களோடு தோள் காயத்தால் நின்றார். இரண்டு பருவங்களில் அவர் தொடங்கியது 15 ஆட்டம். முதல் இரண்டு பருவங்களில் ஆலன் தொடங்கியது 27. அந்த 27இல் ஒன்றில்கூட அவர் 300 யார்டைத் தொடவில்லை. 28ஆவது ஆட்டத்தில், 2020 பருவத்தின் முதல் ஞாயிறன்று ஜெட்ஸுக்கு எதிராக 312 யார்டு எறிந்தார்.